லண்டன் எத்தனை மணி நேரம்?

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். கும்பகோணத்தில் இது இப்போது அதிசயமே இல்லை. காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசும்போதுகூட, "அங்கே ஒரு முருங்கைக்காய் என்ன விலை தெரியுமா?" என்று ஒருத்தி ஆரம்பித்து விடுவாள். பேச்சு போகிற போக்கில் என்னிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "உங்க தங்கச்சி லண்டன்லதானே இருக்கா? போக எவ்ளோ நேரமாகும்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் மூன்று பதில்கள் இருக்கின்றன. என் பையன், "8,200 கிலோமீட்டர்" என்பான். என் கணவர், "பதினொரு மணி நேரம்" என்பார். என் அம்மா, "ஒரு ராத்திரி, ஒரு பகல், அதுக்கு மேல ரெண்டு மணி நேரம்" என்பாள். மூன்றுமே சரியான பதில்தான். ஆனால் வயசான பெற்றவர்களை இங்கே வைத்துக்கொண்டு, கூடப் பிறந்தவர்களையோ பெண்ணையோ கடல் கடந்து அனுப்பியிருக்கிற நமக்கு எந்தக் கணக்கு உதவும் என்றால், அம்மாவின் கணக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

நூல் பிடித்து அளந்த தூரம்

முதலில் பையனின் கணக்கு. அவன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய உலக உருண்டை ஒன்று பரணில் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்து, பூ கட்டுகிற நூலில் ஒரு முனையைச் சென்னையிலும் மறு முனையை லண்டனிலும் வைத்து இறுக்கிப் பிடித்துக் காட்டினான். சுவரில் மாட்டுகிற படத்தில் பார்த்தால், சென்னையிலிருந்து அரபிக்கடல், அரேபியா, மத்தியதரைக் கடல் என்றுதான் போக வேண்டும் போலத் தோன்றுகிறது. உருண்டையில் நூல் வேறு வழியில் போயிற்று. வடமேற்கே ஏறி, பாகிஸ்தான், ஈரான் மேலாகப் போய், ஏறக்குறைய சரிபாதித் தூரத்தில் காஸ்பியன் கடலைத் தொட்டு, காகசஸ் மலை, கருங்கடலின் வடகரை, உக்ரைன், அப்புறம் ஐரோப்பா என்று போய்ச் சேர்ந்தது. பூமி உருண்டை என்பதால் இதுதான் குறுக்கு வழியாம். சுமார் 8,230 கிலோமீட்டர்.

"நம்மூருக்கும் மெட்ராஸுக்கும் 14 தடவை போய்த் திரும்பி வர்ற தூரம்மா" என்று அவன் கணக்குப் போட்டதும், அம்மாவுக்குக் கால் வலியே வந்துவிட்டது.

இந்த நூல் போன வழியிலேயே விமானமும் போகும் என்று சொல்வதற்கில்லை. கீழே சண்டை நடந்தால் மேலே வானத்தையும் மூடி விடுகிறார்கள். 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் உக்ரைனின் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதனால் 2023-இல் நாங்கள் போனபோது அந்தப் பக்கம் தலைவைக்காமல் சுற்றித்தான் போனோம்.

அடுத்து என் கணவரின் கணக்கு. பெரிய விமானம் மேலே ஏறி நிதானப்பட்ட பிறகு மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 8,230-ஐ 900-ஆல் வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆனால் டிக்கெட்டில் பத்தரை, பதினொன்று என்று போட்டிருக்கிறார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பிடிக்கிற நேரம் கொஞ்சம், சுற்று வழி கொஞ்சம், எதிர்க்காற்று கொஞ்சம். பூமிக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஒரு பலமான காற்று ஓடுகிறது. போகும்போது அது நம் எதிரே வீசும். வரும்போது முதுகைத் தள்ளிவிடும். அதனால்தான் லண்டனுக்குப் போவதைவிட லண்டனிலிருந்து வருவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவு. பிறந்த வீட்டுக்கு வரும்போது காற்றுக்கூட ஒத்தாசை செய்கிறது பாருங்கள்!

28 நாளிலிருந்து 11 மணிக்கு

எங்கள் ஊர்க்காரி என்கிற முறையில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. ஊருக்கு யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். தாழ்வாரமும் திண்ணையுமாகச் சின்ன வீடு. அந்த வீட்டுப் பிள்ளை 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னையில் 'நெவாஸா' என்ற கப்பலில் ஏறினார். லண்டன் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 14-ஆம் தேதி. 28 நாட்கள்! அதுவும் 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு. அதற்கு முன்னால் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் போக வேண்டும்.

கடல் கடக்கக் கூடாது என்று இருந்த வீட்டிலிருந்து பிள்ளையை அனுப்பிவிட்டு, அந்த அம்மா கோமளத்தம்மாள் வாசலில் தபாலுக்காகக் காத்திருந்த நாட்களை நான் நினைத்துப் பார்ப்பேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்ற சேதி வந்து சேரும்போது, அது எத்தனையோ வாரத்துக்கு முந்தைய சேதியாக இருக்கும். அவர் 1919-இல் நோயாளியாகத்தான் திரும்பி வந்தார். மறு வருஷமே போய்விட்டார். வயது 32.

பிறகு விமானம் வந்தது. 1948 ஜூன் 8-ஆம் தேதி 'மலபார் பிரின்ஸஸ்' என்ற ஏர் இந்தியா விமானம் பம்பாயில் கிளம்பி, கெய்ரோ, ஜெனீவா இரண்டு இடங்களில் இறங்கி ஏறி லண்டன் போயிற்று. 35 பேர்தான் பயணிகள். கிளம்பிய மூன்றாம் தேதிக் கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். 1960-இல் ஜெட் விமானங்கள் வந்த பிறகு நேரம் இன்னும் சுருங்கியது. இப்போது சென்னையிலிருந்து நடுவில் எங்கும் இறங்காமல் நேராகவே போகலாம். உலகத்தில் இதைவிட நீண்ட பயணமெல்லாம் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஒரே மூச்சில் 15,300 கிலோமீட்டர், 18 மணி நேரத்துக்கு மேல் போகிறார்கள். அதோடு பார்த்தால் லண்டன் நமக்குப் பக்கத்து ஊர்தான்.

பக்கத்து ஊர் என்றுதான் என் தங்கைக்குக் கல்யாணம் ஆனபோது அப்பாவும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "ராத்திரி ஏறினா காலையில வந்துடுவா" என்பார்.

33 மணி நேரம்

2019 ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே மார்வலி. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு பத்துக்கு நான் தங்கைக்கு போன் செய்தேன். அங்கே அப்போது முதல் நாள் ராத்திரி எட்டு நாற்பது. குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு இருந்தாளாம்.

விடிந்ததும் உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பெரியப்பா, "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும், அதான் முறை" என்றார். சித்தப்பாவும் ஆமாம் என்றார். கொள்ளி வைக்க எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. பெரியப்பா மகன்தான் செய்வதாக ஏற்பாடு. அவனுக்கும் மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். யாரையும் குறை சொல்ல முடியாது. அவரவர்க்கு அவரவர் நியாயம்.

கூடத்தில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவ வர எத்தனை மணி நேரம் ஆகும்? சரியா சொல்லு."

நான் தினசரி காலண்டரில் முதல் நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதினேன். அன்றைக்கு லண்டனில் பகல் ஒரு மணிக்குத்தான் சென்னை விமானம். அதாவது செய்தி போனதிலிருந்து விமானம் கிளம்பப் பதினாறு மணி இருபது நிமிஷம். ஆகாயத்தில் பத்து மணி நேரம். விடியற்காலை நாலரைக்கு இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி வெளியே வர ஒரு மணி நேரம். கார் ஏறிக் கும்பகோணம் வர ஆறு மணி நேரம். கூட்டினால் 33 மணி 20 நிமிஷம். மறுநாள் பகல் பதினொன்றரை.

அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டாள். பெரியப்பாவைப் பார்த்து, "மாமா, எனக்காக ஒண்ணும் கேக்கல. சின்னவ மொகத்தைப் பாக்காம அவர் எங்கயும் போனதில்லே. கடைத்தெருவுக்குப் போனாக்கூட அவகிட்டச் சொல்லிட்டுத்தான் போவார். நாளைக்குப் பன்னண்டு மணி வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். அழாமல் சொன்னாள். பெரியப்பா கொஞ்ச நேரம் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஐஸ் பெட்டிக்குச் சொல்லி விடுங்கப்பா" என்றார்.

தங்கை வந்து வாசலில் இறங்கியபோது பதினொன்று ஐம்பது. வழியில் விக்கிரவாண்டி பக்கம் நெரிசல். இருபது நிமிஷம் தாமதம். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒன்று புரிந்தது. 33 மணியில் அவள் பறந்தது பத்து மணி நேரம். மிச்சம் 23 மணி நேரம் தரையில்தான் போயிற்று. தூரத்தை விமானக் கம்பெனிக்காரர் மாதிரி நாம் அளக்க முடியாது. இந்த வாசற்படியிலிருந்து அந்த வாசற்படி வரைக்கும் அளக்க வேண்டும்.

"நான் போகத்தான் போறேன்"

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, 37 வயதில் என் தங்கை முதல் பிள்ளை உண்டானாள். 2023 ஜூலைக் கடைசியில் பிரசவம். இங்கே வரலாம் என்றால், அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிற டாக்டர்கள் வேண்டாம் என்றார்கள். அம்மாவுக்கு அப்போது 71 வயது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. காலை, இரவு இரண்டு வேளையும் இன்சுலின். "இந்த வயசில் எதற்கு?" என்று எல்லோரும் தடுத்தோம். "வழியிலே ஒண்ணு ஆனா யார் பாக்கிறது?" என்று நானும் கேட்டேன்.

அம்மா சொன்னது இதுதான்: "அவ அப்பாவுக்காக அவ வந்தா. அவளுக்காக நான் போகத்தான் போறேன். நீயும் கூட வா."

இதற்கு மேல் பேச்சில்லை. எங்கள் குடும்ப டாக்டர் அம்மாவை முழுக்கப் பரிசோதித்துவிட்டு, "தாராளமாப் போகலாம். நான் சொல்றபடி கேட்டா போதும்" என்றார். அவர் சொன்னதையும், நாங்கள் போய் வந்ததில் தெரிந்துகொண்டதையும் கீழே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாவோ மாமியாரோ பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

கிளம்புவதற்கு முன்னால்

இன்சுலினும் மாத்திரைகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் வைத்தால், அது போகிற சாமான் அறையின் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். பெட்டி வழி தவறிப்போனாலும் ஆபத்து. ஊசி கொண்டு போவதால் டாக்டரின் கடிதமும் மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும். கைப்பையில் தண்ணீர், எண்ணெய், ஊறுகாய் மாதிரியானவை 100 மில்லிக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். மருந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அம்மா ஆசையாகக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் பெரிய பெட்டிக்குள் போயிற்று. பால் பண்டங்களை அந்த நாட்டுக்குள் கொண்டு போக அனுமதி இல்லை என்பதால் பால்கோவா கிடையாது. பிரசவ மருந்துக்குச் சுக்கு, ஓமம், திப்பிலி எல்லாம் காய்ந்த சரக்காகவே எடுத்துக்கொண்டோம். நெய்யை அங்கேயே வாங்கி லேகியம் கிளறினாள்.

சக்கர நாற்காலிக்கு டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடலாம். தனிக் கட்டணம் கிடையாது. "எனக்கென்ன, காலா இல்ல?" என்று அம்மா முதலில் முறைத்தாள். ஹீத்ரோவில் விமானத்திலிருந்து பாஸ்போர்ட் சோதனை வரைக்கும் போகிற தூரத்தைப் பார்த்த பிறகு, "நல்லவேளைடி" என்று தன்னாலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். சர்க்கரைக்காரர்களுக்கான சைவச் சாப்பாடு வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். விமானத்தில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது.

ஆகாயத்தில் ஒரு ஊட்டி

விமானத்துக்கு வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே குளிர். உள்ளே நமக்காகக் காற்றை அழுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் தரையில் இருக்கிற அளவு அழுத்தம் இல்லை. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற மலையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. ஆக, பதினொரு மணி நேரம் ஊட்டியில் நாற்காலியை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருதயம், நுரையீரல் கோளாறு, ரத்தசோகை உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஊட்டியின் ஈரப்பதம் மட்டும் உள்ளே இல்லை. காற்று மிகவும் உலர்ந்தது. உதடு வெடிக்கும், கண் எரியும். "பாத்ரூம் போக யார் எழுந்திருக்கிறது" என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பழக்கம் நம் பெண்களிடம் உண்டு. அம்மாவுக்கும் உண்டு. அதற்காகவே நடைபாதை ஓரத்து இருக்கையாகக் கேட்டு வாங்கினேன். மணிக்கு ஒரு தடவை அரை தம்ளர் தண்ணீர்.

அடுத்தது கால். வெகுநேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கும். இது பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஆனால் சிலருக்குக் கெண்டைக்கால் சதைக்குள் இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொல்லியிருக்கிறது. பயப்பட வேண்டாம், இரண்டு மடங்கு ஆனாலும் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு வருகிற அளவுதான். ஆனால் கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று ஒன்றிரண்டு மாதமே ஆனவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குண்டான உடம்புக்காரர்கள் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இதற்கு வைத்தியம் சுலபமானது. உட்கார்ந்தபடியே தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அம்மா அந்தக் காலத்தில் எங்கள் பாவாடை சட்டையெல்லாம் தானே தைத்தவள். "நாலு ஜாக்கெட் தச்சு முடிச்சுட்டேன்" என்று நடுவானில் சொன்னாள். ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து பின்பக்கம் வரைக்கும் நடந்துவிட்டும் வந்தோம். இறங்கிய பிறகு இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் கவலையில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால், மூச்சு வாங்கினால், உடனே டாக்டரிடம் போக வேண்டும். இது பயணம் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்தும் வரலாம்.

ஊசிக்கு எந்த ஊர் மணி?

எங்களுக்குப் பெரிய கவலையே இதுதான். கோடைகாலத்தில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அதாவது மேற்கே போகப் போக அன்றைய பகல் நீண்டுகொண்டே போகும். அதற்கேற்ப ஊசி என்ன ஆவது?

டாக்டர் ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். விமானத்தில் இருக்கும் வரைக்கும் அம்மாவின் கைக்கடிகாரம் நம் ஊர் மணியிலேயே இருக்கட்டும். காலை ஊசியைச் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் போட வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருந்தால், வண்டி குலுங்குகிறது என்று பரிமாறுவதை நிறுத்திவிட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். லண்டன் போனதும் அங்கே ராத்திரிச் சாப்பாட்டின்போது அடுத்த ஊசி. நடுவில் வழக்கத்தைவிட இடைவெளி அதிகம் என்பதால், இரண்டு தடவை விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்து, இவ்வளவு இருந்தால் இவ்வளவு என்று அளவும் எழுதியிருந்தார். இது என் அம்மாவுக்கு அவர் சொன்ன கணக்கு. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அவருடைய டாக்டர் வேறு கணக்குச் சொல்வார். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே போய்க் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாமாக மாற்றவே கூடாது. கைப்பையில் இரண்டு பொட்டலம் பிஸ்கட்டும் குளுக்கோஸும் அவசியம்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கும்பகோணத்தில் கார் ஏறினோம். மறுநாள் நம் ஊர் மணிக்கு ராத்திரி எட்டு அடிக்கும்போது ஈஸ்ட் ஹாமில் தங்கை வீட்டு வாசலில் இறங்கினோம். 26 மணி நேரம். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது; பகல் மூன்றரை! தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். அம்மா அவளைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "மத்தியானம் என்ன சாப்ட்டே?"

முதல் நாள் ராத்திரி பன்னிரண்டரைக்கு அம்மா விழித்துக்கொண்டு பல் தேய்த்து முகம் கழுவிவிட்டாள். கும்பகோணத்தில் அப்போது விடியற்காலை ஐந்து. உடம்பு புது மணிக்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று. இதற்குப் பகல் வெளிச்சத்தில் நடப்பதுதான் நல்ல மருந்து. மேற்கே போகும்போது உடம்பு சீக்கிரம் பழகிவிடுகிறது. திரும்பி வரும்போது கூடுதல் நாள் பிடிக்கிறது. அம்மாவுக்கு இன்னொரு சிக்கல். ஜூன் மாதம் அங்கே சூரியன் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் மறைகிறது. "விளக்கு எப்போ ஏத்தறது?" என்று இரண்டு நாள் தவித்தாள். பிறகு, "சூரியன் அவன் இஷ்டத்துக்கு இருக்கட்டும், நம்ம விளக்கு ஆறரைக்கு" என்று முடிவு கட்டினாள்.

இளம் தாய்மார்களுக்கு

ஜூலை கடைசி வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஆகஸ்டில் நான் திரும்பிவிட்டேன். நவம்பர் கடைசியில் அம்மாவையும், நாலு மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தங்கை வந்தாள். அவள் சொன்னவற்றில் சில:

கர்ப்பிணிகள் 28 வாரம் தாண்டினால் விமானக் கம்பெனிக்காரர்கள் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். ஒற்றைக் குழந்தையானால் பெரும்பாலும் 36 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை; இரட்டையானால் 32. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இருக்கைப் பட்டையை வயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டிப் போட வேண்டும்.

கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். முன்வரிசையில் குழந்தைத் தொட்டில் மாட்டுகிற இருக்கை சிலதான் இருக்கும், முதலிலேயே கேட்டு வாங்குங்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குக் காது அடைத்து வலிக்கும். அப்போது பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காது விட்டுவிடும். குழந்தை பசித்திருக்கிற நேரமாக அமைய, இறங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் பால் கொடுக்காமல் வைத்திருங்கள். எண்ணிக்கைக்கு மேல் ஆறு துணி நாப்கினும், உங்களுக்கு ஒரு மாற்று உடையும் கைப்பையில் இருக்கட்டும். குழந்தை வாந்தி எடுப்பது நம் மேல்தான்!

ஒரு தாளில் எழுதி வையுங்கள்

சகோதரிகளே, உங்கள் வீட்டிலிருந்து யாராவது தூர தேசத்தில் இருந்தால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டு வையுங்கள். வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி? நேர் விமானம் எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? அது இல்லாத நாளில் எந்த ஊர் வழியாக வரலாம்? நடுராத்திரி விமான நிலையத்திலிருந்து அழைத்து வரக் கார்காரர் யார், அவர் நம்பர் என்ன? பாஸ்போர்ட் எந்த வருஷம் வரைக்கும் செல்லும்? அங்கிருப்பவர்கள் அந்த நாட்டுக் குடிமக்களாகிவிட்டால் இங்கே வர என்ன அனுமதிச் சீட்டு வேண்டும்? அது கையில் இருக்கிறதா? இங்கிருந்து போகக்கூடிய பெரியவர்களுக்கு விசா எடுக்க எத்தனை வாரம் ஆகும்? இதெல்லாம் துக்கமோ சந்தோஷமோ வந்து நிற்கும்போது தேடுகிற விஷயம் இல்லை.

எங்கள் வீட்டில் அந்தத் தாள் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. விமான நேரம் மாறும்போதெல்லாம் என் பையன் அடித்துத் திருத்துவான். வருஷத்துக்கு இரண்டு தடவை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், லண்டனில் கடிகாரத்தை மாற்றுகிற நாளில், நாலரையா ஐந்தரையா என்பதை அம்மாவே பென்சிலால் திருத்தி எழுதுகிறாள்.